கழுவு மாவு

எங்கள் தெருவில் பன் வாங்குவது அந்த வருஷம் புண்ணியம் வாங்குவது என்று ஆகிவிட்டது. நீங்கள் ஒரு பாக்கெட் வாங்கினால் கம்பெனி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு பன் கொடுக்கும். பாக்கெட்டின் மேல் சிரிக்கிற குழந்தையின் படம், அதற்குக் கீழே "உங்கள் வீட்டில் பசி ஆறும்போது இன்னொரு பசியும் ஆறுகிறது" என்று எழுத்து. அதுவரை எது மலிவோ அதைத் தூக்கிக்கொண்டு போன ஜனங்கள், "அந்தப் புள்ளைங்க பன்னு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேறு பன்னை நீட்டினால், ஏதோ குழந்தை வாயிலிருந்து பிடுங்கித் தின்னச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள்.

எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாய் திறந்து குறை சொல்ல முடியாது. அந்தப் பன்னைக் கடை கடையாகப் போடுகிற வண்டியை ஓட்டுகிறவன் நான். நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே கடைக்கார அக்கா வீடு. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். அக்காவின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மாவு பிசையும் எந்திரத்தில் வேலை. ஆக அவர் பிசைந்து, நான் சுமந்து, அக்கா விற்று, ஒரே கூரைக்குக் கீழே பன்னின் முழுச் சரித்திரமும் முடிந்துவிடும்.

மாமாவைத் தெருவில் எல்லோரும் பருக்கை என்றுதான் சொல்வார்கள். அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் சாப்பிட்டு வைத்ததா, கழுவி வைத்ததா என்று தெரியாது. கீழே ஒரு பருக்கை சிந்தினால் பேச்சை நிறுத்திவிட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் மறுபடி பேசுவார். வேலை முடிந்தால் கையில் ஒட்டிய மாவை உருட்டித் திரட்டி எந்திரத்துக்குள் போட்டுவிட்டுத்தான் குழாயடிக்குப் போவாராம். அக்காவுக்கு இதில் பாதி பெருமை, பாதி எரிச்சல்.

கடைக்கு ஒரு கண்ணாடியம்மா வருவார். பக்கத்துத் தையல் கம்பெனியில் வேலை. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரி விடாமல் படிப்பார். படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். கடைசியில் உப்பும் சோப்பும் மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

"படிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, லைப்ரரிய மூடணும்" என்று அக்கா ஒருநாள் கிண்டல் செய்தாள்.

கண்ணாடியம்மா கோபிக்கவில்லை. தன் மகளைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த இனிப்பில் கடலைத்தூள் இருந்திருக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு அடைத்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து அம்மா கையால் சமைத்ததைத் தவிர அவள் வாயில் எதுவும் போனதில்லை. அதற்குப் பிறகு அக்கா லைப்ரரிப் பேச்சை எடுக்கவேயில்லை. புதுச் சரக்கு வந்தால் தானே அவருக்காகப் பின்பக்கத்தைப் படித்து வைப்பாள்.

நான் சொல்ல வந்தது ஒரு காலைநேரத்துக் கதை.

அன்றைக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கம்பெனி படம் பிடிக்க வந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று ஒரே நேரத்தில் பன்னைக் கடிக்க வேண்டும். அது விளம்பரமாக டீவியில் வரும், எல்லார் போனிலும் வரும். நான் சரக்கை இறக்கிவிட்டுக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமா ராத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிற பன்னு நான் பிசைஞ்சது."

"தெரியுமே. நான்தான் பிசையப் போறேன்னு நேத்துல இருந்து சொல்லிட்டு இருக்கீங்க" என்றாள் அக்கா.

"நடுவுல மாவு பத்தாமப் போச்சு தெரியுமா? எல்லாக் கடையிலயும் ஆர்டர் ஏறிக் கெடக்கு. சூப்பர்வைசர் தலையில கைய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான்தான் சமாளிச்சேன்."

"நீங்க என்ன பண்ணீங்க, சுவத்துல இருந்தா சுரண்டுனீங்க?" என்றேன் நான்.

"கழுவு மாவு இருந்துச்சில்ல, அதத் தூக்கிப் பள்ளிக்கூட மாவுல போட்டேன். ஒரு துளி வீணாகல."

கழுவு மாவு என்பது அவர்கள் வேலையில் பழகிய வார்த்தை. கடலைப் பன் போட்டு முடித்ததும் எந்திரத்தைக் கழற்றிக் கழுவ நேரம் இருக்காது. வெறும் மாவைக் கொஞ்சம் போட்டு ஓட்டுவார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கடலைப் பசையெல்லாம் அதோடு உருண்டு வந்துவிடும். அந்த மாவைத் தனித் தொட்டியில் போட்டு மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல மாவு மாட்டுக்குப் போகிறதே என்று மாமா பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"கடலை ஓடின எந்திரத்துல எடுத்த மாவா?"

"ஆமா. கடலை என்ன விஷமா? கொஞ்சம் பிச்சு வாயில போட்டுப் பாத்தேன். கடலை வாசனையே இல்ல."

"அத ஏன் தூக்கிப் போடச் சொல்றாங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"ருசி மாறிடும்னு... அப்படித்தான் நெனச்சேன். யாரு சொன்னா? போன மாசம் மீட்டிங் வெச்சாங்க. சிரிக்கிற புள்ள படத்தப் பெருசாக் காட்டுனாங்க. நீங்கள்லாம் பசியாத்துறவங்கன்னு சொல்லிக் கைதட்டச் சொன்னாங்க. கேக்கு குடுத்தாங்க. அவ்வளவுதான்."

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்தக் கம்பெனியில் சுவருக்குச் சுவர் சிரிக்கிற குழந்தை. ஆனால் மாவு பிசைகிற ஆளிடம், அந்த மாவை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்று சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணாடியம்மா பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதான படிக்குது."

"அவதான் வெளிய எதையும் தொடமாட்டாளே" என்றேன்.

"இன்னைக்குத் தொடுவா. நேத்து அவங்கம்மா கடைக்கு வந்து அந்தப் பாக்கெட்ட ரெண்டு தடவ படிச்சாங்க. கடலை இல்லன்னு போட்டிருக்குன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? எம்பொண்ணு மொத தடவையா எல்லாரோடயும் சேந்து சாப்பிடட்டும், ஒதுங்கி நிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. நான்தான் பக்கத்துல நின்னு தலையத் தலைய ஆட்டுனேன்."

மாமாவின் முகத்திலிருந்த பூரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து கையைக்கூடக் கழுவாமல் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"யோவ், கொஞ்சூண்டு மாவு. அதுல ஒண்ணும் ஆகாது. கேமரா வந்து நிக்கிற நேரத்துல இதக் கெளப்பாத. வெளிய தெரிஞ்சா ஒன் வேலையும் போகும், என் வேலையும் போகும். போன வையி."

பள்ளிக்கூடத்துக்கு அக்கா போன் போட்டாள், எடுக்கவில்லை. கண்ணாடியம்மாவின் தையல் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"வேலை போயிடும்" என்றார்.

"போனாப் போகுது. கடை இருக்கு."

"கடையில இருக்கிறதும் அவங்க பன்னுதான்டி."

அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கம்பெனியால்தான். அது அவள் சொல்லாமலே மூன்று பேருக்கும் தெரியும். மாமா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"சட்டைய மாத்திட்டு வரேன்."

"மாத்த வேணாம், வாங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் ஏற்கெனவே வண்டிச் சாவியோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் நிதானமாக ஓட்டுகிறவன் என்று பெயர் வாங்கியவன். அன்றைக்கு அந்தப் பெயர் போயிற்று. பின்னால் காலித் தட்டுகள் தடதடவென்று ஆட, அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எல்லா வண்டியையும் ஒதுக்கினாள். தண்ணீர் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "எடுய்யா, உசுரு போகுது" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் யாருடைய உயிர் என்றுகூடக் கேட்காமல் பின்னால் எடுத்தான். எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தையும் மீறி உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்திருந்தது.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "ஷூட்டிங் நடக்குது, யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு." பிறகு வண்டியில் இருந்த கம்பெனிப் படத்தையும், மாவு படிந்த மாமாவின் கம்பெனிச் சட்டையையும் பார்த்தார். "ஓ, கம்பெனியா? பன்னு பத்தலியா?"

"ஆமாங்க, பத்தல" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். கதவு திறந்தது.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பன். நல்லவேளையாக ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்திருந்தது. படம் எடுக்கிறவர் மேகம் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனியின் தர்ம காரியங்களைப் பார்க்கிற மேடம். நாங்கள் அவரை நல்லகாரியம் மேடம் என்போம், முகத்துக்கு நேரே அல்ல. நாங்கள் இறங்கவும் மேகம் விலகவும் சரியாக இருந்தது.

"நான் மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணாக் கடிக்கணும்" என்று ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "ஒண்ணு."

மாமா ஓடினார். அவர் ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. முதல் வரிசையில் நின்ற பிள்ளையின் கையிலிருந்த பன்னைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். அடுத்த பன், அதற்கடுத்த பன். பருக்கை சிந்தினால் பேச்சை நிறுத்துகிற மனிதர், தான் பிசைந்த பன்னை மண்ணில் வீசிக்கொண்டே போனார். "திங்காதீங்க கண்ணுங்களா, கீழ போடுங்க" என்று அவர் தொண்டை கிழியக் கத்தியது எனக்கு அழுகிற மாதிரிக் கேட்டது.

பிள்ளைகளுக்கு அது படத்தில் வருகிற காட்சி என்று தோன்றிவிட்டது. ஒரே கூச்சல். ஆளாளுக்குப் பன்னைத் தூக்கி எறிந்தார்கள். ஒன்று வந்து கேமரா மேலேயே விழுந்தது. கேமராக்காரர் என்ன நினைத்தாரோ, எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த அமளியில் அக்கா வரிசைக்குள் புகுந்து தேடினாள். கண்ணாடியம்மா மகள் கடைசி வரிசையில் நின்றாள். பன்னை இரண்டு கையாலும் மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று சொல்லவில்லை, அதனால் அவள் கடிக்கவில்லை. அக்கா பன்னை வாங்கி எறிந்துவிட்டுக் குழாயடிக்கு இழுத்துப்போய் அவள் கையையும் முகத்தையும் தேய்த்துக் கழுவினாள்.

"எங்கம்மா சாப்பிடலாம்னு சொன்னாங்களே" என்று அந்தப் பெண் தேம்பினாள்.

"அம்மா சரியாத்தான் சொன்னாங்க தங்கம். தப்பு எங்க மேல."

மேடம் மாமாவின் எதிரில் வந்து நின்றார். மாமா ஒளிக்காமல் சொன்னார். கழுவு மாவு, கடலை, தான் செய்தது, சூப்பர்வைசர் சொன்னது எல்லாம். மேடம் தள்ளிப்போய் மேலே யாருக்கோ போன் போட்டார். குழாயடியிலிருந்து எனக்கும் பாதி கேட்டது. பன் ஆறிப்போய்விட்டது, வேறு சூடாக வருகிறது என்று சொல்லிச் சமாளிக்கச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. "ஆறிப்போச்சுன்னா சொல்லணும் சார்?" என்று மேடம் இரண்டு தடவை கேட்டார். பிறகு ஈர முகத்தோடு நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"இந்தப் பன்னுல வேர்க்கடலை கலந்திருக்கு. சில குழந்தைங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. தப்பு எங்களோடது. யாரும் சாப்பிடாதீங்க. தெரியாம யாராவது சாப்பிட்டிருந்தா உடனே டீச்சர்கிட்ட சொல்லுங்க."

அதுவரை மேடத்தை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அன்றைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமாவை விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார்.

அடுத்த வாரம் விளம்பரம் வந்தது. மாவு படிந்த சட்டையில் இரண்டு கைகள் பன்னைப் பிடுங்கி வீசுகின்றன. பின்னால் உருக்கமான இசை. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டார்கள். "ஒரு குழந்தைக்காக எங்கள் உழைப்பையே தூக்கி எறிவோம்" என்று எழுத்து வந்து நிற்கிறது.

பன் பறந்தது. என் வண்டியில் ஏற்ற இடம் போதவில்லை. கடையில் கூட்டம் நெருக்கியது. "கம்பெனின்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கையப் பாத்தாலே கும்பிடத் தோணுது" என்றாள் பக்கத்துத் தெரு டீச்சர்.

அக்கா அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவள்தான். "கும்பிடணுமா? தாராளமாக் கும்பிடுங்க. அந்தக் கை உள்ள உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கு."

கூட்டம் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தது. மாமா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெங்காயத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இவரா? ஏன் வீட்ல இருக்காரு?"

"உண்மையச் சொன்னாருல்ல, அதுக்குத்தான்" என்றாள் அக்கா. "தப்பு பண்ணாரு, நான் இல்லங்கல. ஆனா சொன்னாரு. சொன்னவரு வீட்ல இருக்காரு, சொல்லாதன்னவரு வேலைக்குப் போறாரு. இந்தாங்க உங்க பன்னு, எத்தன வேணும்?"

டீச்சர் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பினாள். அடியில் ஒரு போன் நம்பர். "உங்கள் கருத்தே எங்கள் பலம்." அங்கேயே நின்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்றது ஒரு தேன் குரல்.

"விளம்பரத்துல வர்ற கைய ஏம்மா வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

போனில் பேசிய பெண்ணுக்குக் கொடுத்த காகிதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. "பன் சுவையைப் பற்றி ஏதாவது..." என்று இழுத்தாள்.

"சுவைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அந்தக் கை திரும்ப வர்ற வரைக்கும் நாங்க திங்கமாட்டோம்" என்றார் கண்ணைத் துடைத்த பெரியவர், போனுக்குள் வாயை வைத்து.

பாக்கெட்டுகள் திரும்பத் தட்டுக்குப் போயின. அன்றைக்கு மாலைக்குள் தெருவில் போன் போடாத ஆள் இல்லை. போடத் தெரியாதவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்தேன். அக்கம்பக்கத்துத் தெருக் கடைகளுக்கும் செய்தி போயிற்று. அங்கே சரக்கு இறக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றிக்கொண்டு போன பன்னை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். என் பிழைப்பும் அதில்தான் இருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் எனக்கு இருந்த குஷி வேறு எப்போதும் இருந்ததில்லை. புண்ணியத்துக்காகப் பன் வாங்கிய ஜனங்கள் இப்போது கேள்வி கேட்டுப் பன் வாங்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நல்லகாரியம் மேடமே கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தாலும் கண்ணில் ஒரு துள்ளல். மாமாவைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். கடலைக்குத் தனி எந்திரம் வாங்கவும் சம்மதித்துவிட்டார்கள். அது வருகிறவரை கடலைப் பன் கிடையாது.

மாமா வாயைத் திறப்பதற்குள் வாசலில் கண்ணாடியம்மா வந்து நின்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறார். நேரே மாமாவிடம் போனார்.

"எல்லாரும் உங்களக் கொண்டாடுறாங்க. எனக்கு உங்க மேல கோவம் தீரல. நான் படிச்சுப் பாத்துத்தான் அனுப்பினேன். எழுத்து பொய்யாப் போச்சு."

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா."

"தெரியாதவங்க கையிலதான எம்பொண்ணு உசுரு இருந்துச்சு. தனி எந்திரம்னு இவங்க சொல்றாங்க. நாளைக்கு மறுபடி அவசரம் வரும், மறுபடி யாராவது கலப்பாங்க. பின்னாடி என்ன எழுதியிருந்தாலும் இனி நான் நம்பமாட்டேன். என் கண்ணுக்குத் தெரியணும்."

மேடம் தரையைப் பார்த்தார். மாமா முறத்தில் கிடந்த காய்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பீட்ரூட்டை எடுத்தார்.

"கடலைப் பன்னு மாவு பூராத்தையும் இதப் போட்டுச் செவப்பாப் பிசைஞ்சுடலாம் மேடம். செவப்பு மாவ எவனும் வெள்ளையில கலக்க முடியாது. கலந்தா பன்னப் பிச்ச உடனே தெரிஞ்சுடும். நானே ஆசப்பட்டாலும் ஒளிக்க முடியாது."

மேடம் அங்கேயே நின்று போன் போட்டார். இந்தத் தடவை அவர் யாரிடமும் இரண்டு தடவை கேட்கவில்லை.

புது எந்திரம் வந்து, கடலைப் பன் உள்ளே சிவப்பாகக் கடைக்கு வர ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில், மாமா தான் பிசைந்த வெள்ளைப் பன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். ஆபத்துக்குப் போடுகிற ஊசி மருந்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கவில்லை. பன்னைப் பிய்த்தார். பாதியை மறுபடி பாதியாக்கி, ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. ஒரு சிறு துண்டை மகளிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போயிற்று. உதடு உதடாகவே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் குடும்மா" என்றாள்.

கண்ணாடியம்மா மீதித் துண்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் எல்லாவற்றையும் தின்று முடித்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். பிய்த்தபோது சிந்திய துணுக்குகள் அங்கே கிடந்தன. விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.